849 ரூபாயும் 18 சதவீதமும்

திண்டுக்கல் வட்டாரத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆஸ்பத்திரிச் செலவுக்குக் காப்பு உண்டா இல்லையா என்பதைச் சில எண்கள் முடிவு செய்கின்றன. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்று கிராம நிர்வாக அலுவலர் வழியாகச் சான்று கிடைத்தால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். பிரீமியத்தை அரசே கட்டிவிடும். வீட்டில் ஒருவர் வேடசந்தூர்ப் பக்கம் மில்லில் மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்கினால் இஎஸ்ஐ இருக்கும். இரண்டிலும் சேராதவர்கள் கைக்காசு போட்டுத்தான் பாலிசி எடுக்க வேண்டும். அந்தப் பாலிசிக்கு 2025 செப்டம்பர் 21 வரை 18 சதவீத ஜிஎஸ்டி இருந்தது. மறுநாளிலிருந்து தனிநபர் பாலிசிகளுக்கு வரியே இல்லை.

இந்த எண்களில் எது மாறினாலும் பேகம்பூர் தோல் ஷாப் தொழிலாளியிலிருந்து ஒட்டன்சத்திரம் காய்கறிக் கமிஷன் கடைக்காரர் வரை எல்லோர் வீட்டுக் கணக்கும் மாறுகிறது. ஊர் ஊராகப் போய்ப் பாலிசி சேர்க்கும் ஏஜென்டின் கணக்கும் மாறுகிறது. பிரீமியச் சுமையைக் குறைக்க அரசுகள் எடுத்த முடிவுகளில் பெரும்பாலானவை நல்ல முடிவுகள் என்றே நினைக்கிறேன். ஆனால் ஒவ்வொரு முறையும், மக்களுக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் நடுவே நடக்கிற ஆளின் கூலியை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. அந்த விடுபடல் பாலிசிதாரரையும் சேர்த்தே பாதிக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம்.

கதை 2003-லிருந்து தொடங்குகிறது. அந்த ஆண்டு மத்திய அரசு, பொதுத்துறைக் காப்பீட்டு நிறுவனங்கள் மூலம் எல்லோருக்குமான ஒரு மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தைக் கொண்டுவந்தது. தனி ஆளுக்கு நாளுக்கு ஒரு ரூபாய், ஆண்டுக்கு 365. ஐந்து பேர் குடும்பத்துக்கு 548, ஏழு பேருக்கு 730. குடும்பத்துக்கு 30,000 ரூபாய் வரை ஆஸ்பத்திரிச் செலவு கிடைக்கும். வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு முதலில் 100 ரூபாய் மானியம் தந்தார்கள். அடுத்த ஆண்டே திட்டத்தை அவர்களுக்கு மட்டும் என்று சுருக்கி, மானியத்தை 200, 300, 400 என உயர்த்தினார்கள். ஐந்து பேர் குடும்பம் கட்ட வேண்டியது 248 ரூபாயாகக் குறைந்தது. அப்படியும் திட்டம் ஏழைகளிடம் பெரிதாகப் போய்ச் சேரவில்லை.

காரணத்தைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம். முழு பிரீமியம் 548-க்குப் பதினைந்து சதவீதம் கமிஷன் என்று வைத்துக்கொண்டாலும் ஏஜென்டுக்கு 82 ரூபாய்தான். அதற்காக ஒருவர் நத்தம் பக்கத்துக் கிராமத்துக்குப் பஸ் ஏறிப் போய், வறுமைக் கோட்டுச் சான்றின் நகல் வாங்கி, விண்ணப்பம் எழுதி, பணம் வசூலித்து, கிளை அலுவலகத்தில் கட்டி, பாலிசியைத் திரும்பக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். மானியம் வாங்குபவரின் விலையைக் குறைத்தது. கொண்டுபோய்ச் சேர்ப்பவரின் செலவைத் தொடவில்லை.

அதே காலத்தில் கர்நாடகத்தில் வேறு ஒன்று நடந்தது. 2003-ல் தொடங்கிய யசஸ்வினி திட்டம், கூட்டுறவுச் சங்க உறுப்பினர்களான விவசாயிகளை ஆளுக்கு ஆண்டுக்கு 60 ரூபாய் என்ற கட்டணத்தில் சேர்த்தது. ஆள் சேர்க்கும் வேலையைச் சங்கச் செயலாளர்கள் பார்த்தார்கள். தனியார் ஏஜென்ட் இல்லை என்றாலும், வீடு தேடிப் போய்க் கேட்க ஓர் ஆள் இருந்தார். லட்சக்கணக்கில் மக்கள் சேர்ந்தார்கள். 2005-ல் கட்டணம் 120 ரூபாயாக இரட்டித்தது. சேர்ந்தவர் எண்ணிக்கை சரிந்தது. மாதத்துக்கு ஐந்து ரூபாய் கூடியதற்கே உழவர் குடும்பங்கள் யோசித்து விலகின. நன்றாக இருக்கிறவர்களும் இந்த ஆண்டு எதுவும் வராது என்று நம்புகிறவர்களும்தான் முதலில் விலகுவார்கள். நோயாளி விலகமாட்டார். அப்போது மிச்சம் இருப்பவர்களின் செலவு கூடி, அடுத்த ஆண்டு பிரீமியம் மேலும் ஏறும். மக்கள் விருப்பப்பட்டுச் சேர்கிற எந்தக் காப்பீட்டுக்கும் உள்ள ஆபத்து இது.

தமிழ்நாடு இந்த ஆபத்தை ஒரே முடிவால் தாண்டியது: குடும்பம் ஒரு பைசா கட்ட வேண்டாம், முழுப் பிரீமியமும் அரசு கட்டும். 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் தொடங்கியபோது குடும்பத்துக்கு அரசு கட்டிய பிரீமியம், வரி தவிர்த்து 469 ரூபாய். நான்கு ஆண்டுகளுக்குச் சேர்த்து ஒரு லட்ச ரூபாய் வரை சிகிச்சை. ஆட்சி மாறிய பிறகு 2012 ஜனவரி 11-ல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் வந்தது; யுனைடெட் இந்தியா நிறுவனத்துக்கு 497 ரூபாய், ஆண்டுக்கு ஒரு லட்சம் வரை காப்பு. 2017-ல் பிரீமியம் 699 ஆனது. 2018 செப்டம்பரில் பிரதமரின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைந்தது. 2022 ஜனவரி 11 முதல் ஐந்தாண்டுகளுக்கு 849 ரூபாய். வருமான வரம்பு 72,000-லிருந்து 1,20,000-க்கு உயர்ந்தது. காப்பு ஆண்டுக்கு 5 லட்சம். அரசு சொன்ன 1 கோடியே 37 லட்சம் குடும்பங்களை 849-ஆல் பெருக்கினால் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,163 கோடி ரூபாய் வருகிறது. முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழருக்கு வருமான வரம்பே கிடையாது. திண்டுக்கல்லை அடுத்த தோட்டனூத்தில் குடியமர்த்தப்பட்டவர்களைப் போன்றோருக்கு இது பெரிய ஆறுதல்.

469 எப்படி 849 ஆனது என்பது அட்டை வைத்திருப்பவருக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை. ஆனால் அந்த விலை அவரைத் தொடாமலும் போவதில்லை. பிரீமியத் தொகைக்குள்தான் ஒவ்வொரு அறுவை சிகிச்சைக்கும் தனியார் மருத்துவமனைக்குத் தரும் தொகுப்புக் கட்டணத்தை அடக்க வேண்டும். கட்டணம் இறுக்கமாக இருந்தால் மருத்துவமனைகள் அந்தச் சிகிச்சைக்குக் கார்டு எடுக்கத் தயங்கும், அல்லது வேறு பேரில் கூடுதல் பணம் கேட்கும். சின்னாளப்பட்டி நெசவாளிக்குப் பிரீமிய மாற்றம் “இந்த ஆஸ்பத்திரியில இந்த ஆபரேஷனுக்குக் கார்டு செல்லாதாம்” என்ற ஒரு வரியாகத்தான் வந்து சேர்கிறது. அரசு மருத்துவமனை பக்கத்தில் இருந்தால் இந்த அடி குறையும். 2022 ஜனவரி 12-ல் திறக்கப்பட்ட பதினொரு புதிய மருத்துவக் கல்லூரிகளில் திண்டுக்கல்லும் ஒன்று என்பது அதனால் முக்கியம். அதற்கு முன் பெரிய சிகிச்சை என்றால் அறுபது கிலோமீட்டருக்கு மேல் போய் மதுரை ராஜாஜி மருத்துவமனையில் சேர வேண்டியிருந்தது. அரசு மருத்துவமனையில் செய்யும் சிகிச்சைக்கும் இந்தத் திட்டத்திலிருந்து பணம் வருகிறது. அதில் ஒரு பங்கு மருத்துவமனை வளர்ச்சிக்கும் ஊழியர் ஊக்கத்தொகைக்கும் போகிறது.

முழு மானியத் திட்டத்தில் ஏஜென்டுக்கு வேலை இல்லை. விற்க எதுவும் இல்லாதபோது விற்பவர் எதற்கு? ஆனால் விற்பது ஏஜென்டின் பாதி வேலைதான். எந்த மருத்துவமனை பட்டியலில் இருக்கிறது, கார்டில் பெயர் விடுபட்ட மருமகளை எப்படிச் சேர்ப்பது, அனுமதி கேட்டு அனுப்பிய தாளை ஏன் திருப்பிவிட்டார்கள் என்ற கேள்விகளுக்கு யாரோ ஒருவர் பதில் சொல்லியாக வேண்டும். மருத்துவமனைகளில் திட்ட அலுவலர் மேசை இருக்கிறது, இலவச உதவி எண் இருக்கிறது. ஆனாலும் எரியோடு பக்கத்திலிருந்து வருகிற ஒரு அம்மா முதலில் போன் போடுவது தெரிந்த கவுன்சிலருக்கோ, சொந்தக்காரத் தம்பிக்கோதான். திட்டம் பிரீமியத்தை முழுவதும் ஏற்றுக்கொண்டது. வழிகாட்டும் வேலையைச் சொந்தபந்தத்தின் தலையில் போட்டுவிட்டது.

இஎஸ்ஐ பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2019 ஜூலை 1 முதல் தொழிலாளியின் பங்கு சம்பளத்தில் 1.75 சதவீதத்திலிருந்து 0.75 ஆகக் குறைந்தது; முதலாளியின் பங்கு 4.75-லிருந்து 3.25. மாதம் 12,000 ரூபாய் வாங்கும் மில் தொழிலாளிக்குப் பிடித்தம் 210-லிருந்து 90 ரூபாயாக இறங்கியது. இந்த நாட்டில் தொழிலாளி கையில் நேராகத் தெரிந்த பிரீமியக் குறைப்பு இதுபோல் அபூர்வம். ஆனால் 21,000 என்ற சம்பள வரம்பு 2017 ஜனவரியில் வைத்தது. ஓவர்டைம் சேராமலே சம்பளம் அந்தக் கோட்டைத் தாண்டிய சூப்பர்வைசர், பங்களிப்புக் காலம் முடிந்ததும் இஎஸ்ஐயிலிருந்து வெளியே வந்துவிடுகிறார். வருமானம் 1,20,000-ஐத் தாண்டியதால் முதலமைச்சர் திட்டத்திலும் இடமில்லை. நல்ல வேலைக்காரர் என்று பெயர் எடுத்ததாலேயே அவர் குடும்பத்துக்கு எந்தக் காப்பும் இல்லாமல் போகிறது.

1,20,000 என்பது மாதம் பத்தாயிரம். பூட்டுப் பட்டறைக்குக் கணவரும் பக்கத்து மில்லுக்கு மனைவியும் போகிற வீடு உண்மையில் அதைத் தாண்டித்தான் சம்பாதிக்கும். சான்றில் குறைத்து எழுதி வாங்கினால் அட்டை கிடைக்கும். எழுதி வாங்கத் தெரியாதவர், வாங்க மனம் ஒப்பாதவர் நடுவில் நிற்பார். நிதி ஆயோக் 2021 அக்டோபரில் வெளியிட்ட அறிக்கை இந்த நடுப்பகுதி மக்களை நாட்டில் 30 சதவீதம், ஏறத்தாழ 40 கோடிப் பேர் என்று கணக்கிட்டது. ஏழைகளுக்கான திட்டத்திலும் இல்லை, நிரந்தர வேலைக்கான காப்பிலும் இல்லை. தனியார் பாலிசி வாங்கும் வழக்கமும் வரவில்லை. நிலக்கோட்டைப் பூ வியாபாரி, வத்தலக்குண்டில் டிபன் கடை நடத்துபவர், நாகல் நகரில் சொந்தத் தறி வைத்திருப்பவர் எல்லாம் இந்த இடத்தில்தான் இருக்கிறார்கள். தனி ஏஜென்டின் வாடிக்கையாளரும் இவர்களே.

இவர்களுக்கு அரசு தந்த மானியம் வரிச் சலுகை வடிவில்தான் வந்தது. வருமான வரிச் சட்டத்தின் 80டி பிரிவில் 25,000 ரூபாய் வரை, மூத்த குடிமக்களுக்கு 50,000 வரை பிரீமியத்தைக் கழித்துக்கொள்ளலாம். ஆனால் வரி கட்டுகிறவருக்குத்தான் அது சலுகை. பூ வியாபாரிக்கு அதில் எதுவும் கிடைக்காது. 2023-24 முதல் புதிய வரி முறை இயல்பு முறையானது. அதில் 80டி கழிவு கிடையாது. “வரி மிச்சமாகும், மார்ச்சுக்குள்ள எடுத்துருங்க” என்று ஆசிரியர்களிடமும் வங்கி ஊழியர்களிடமும் பாலிசி சேர்த்த ஏஜென்டுகள், சொல்லிச் சேர்க்கும் முக்கியக் காரணத்தையே இழந்தார்கள்.

பிறகு வந்தது ஜிஎஸ்டி விலக்கு. 2025 செப்டம்பர் 3-ல் கூடிய ஜிஎஸ்டி கவுன்சிலின் 56-வது கூட்டம், தனிநபர் மற்றும் குடும்ப மருத்துவக் காப்பீட்டுக்கான 18 சதவீத வரியை நீக்கியது. செப்டம்பர் 22-ல் நடைமுறைக்கு வந்தது. பாலிசியின் அடிப்படைப் பிரீமியம் 20,000 என்று வைத்துக்கொண்டால், முன்பு 3,600 ரூபாய் வரியோடு 23,600 கட்ட வேண்டும். இப்போது 20,000. சாலையோரக் கடைக்காரருக்கு 3,600 ரூபாய் சிறிய தொகை இல்லை. இந்த முடிவை நான் மனதார வரவேற்கிறேன். ஆஸ்பத்திரி பயத்துக்காகக் கட்டுகிற பணத்துக்கு வரி போட்டதே அநியாயம்.

ஆனால் வரியை நீக்கியபோது, காப்பீட்டு நிறுவனம் தன் செலவுகளுக்குக் கட்டிய ஜிஎஸ்டியைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் வசதியும் போய்விட்டது. அந்தச் செலவுகளில் பெரியது கமிஷன். காப்பீட்டு ஏஜென்டின் கமிஷனுக்கான ஜிஎஸ்டியை ஏஜென்ட் கட்டுவதில்லை, நிறுவனம்தான் கட்ட வேண்டும். முன்பு அதை வசூலித்த வரியில் கழித்துக்கொண்டது. இப்போது கழிக்க வரி இல்லை. ஆகவே பல நிறுவனங்கள் 2025 அக்டோபரிலிருந்து ஒரு வழி கண்டன: கமிஷன் தொகைக்குள்ளேயே ஜிஎஸ்டி அடக்கம் என்று அறிவித்தன. அதே 20,000 ரூபாய் பாலிசிக்கு 15 சதவீதக் கமிஷன் என்றால் 3,000 ரூபாய். அதற்குள் 18 சதவீத வரி அடங்க வேண்டுமென்றால் ஏஜென்ட் கைக்கு 2,542-தான் வரும். 458 ரூபாய், அதாவது வருமானத்தில் பதினைந்து சதவீதத்துக்கு மேல், ஒரே சுற்றறிக்கையில் போனது. நிறைய பாலிசிகளைப் பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்தவருக்கும் இந்த வெட்டு ரெனியூவல் கமிஷனில் விழுந்தது. கடைக்காரருக்குக் கிடைத்த வரி விலக்கின் ஒரு பகுதியை அவர் வீட்டு வாசலில் நின்ற ஏஜென்ட் கட்டியிருக்கிறார்.

விலை குறைந்தால் விற்பனை கூடும், அதில் ஏஜென்ட் ஈடுகட்டிக்கொள்வார் என்ற வாதம் இருக்கிறது. புதிய பாலிசி நிறைய சேர்க்க முடிந்த நகரத்து ஏஜென்டுக்கு அது பொருந்தலாம். திண்டுக்கல் போன்ற ஊரில் ஒரு ஏஜென்டின் வாடிக்கையாளர் வட்டம் அவருடைய தெரு, உறவு, சங்கம், கோயில் கமிட்டி இவற்றுக்குள் அடங்கும். அது ஓர் ஆண்டில் பதினைந்து சதவீதம் பெரிதாகாது.

இதோடு 2023 ஏப்ரலில் வந்த இன்னொரு மாற்றத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதுவரை தனிநபர் மருத்துவ பாலிசிக்குப் பதினைந்து சதவீதம்தான் கமிஷன் உச்சவரம்பு. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ அந்த வரம்பை எடுத்துவிட்டு, நிறுவனத்தின் மொத்த நிர்வாகச் செலவுக்கு மட்டும் வரம்பு வைத்தது: பொதுக் காப்பீட்டு நிறுவனங்களுக்கு மொத்தப் பிரீமியத்தில் 30 சதவீதம், மருத்துவக் காப்பீடு மட்டும் நடத்தும் நிறுவனங்களுக்கு 35. யாருக்கு எவ்வளவு என்பதை நிறுவனமே தீர்மானிக்கும். கேட்க நியாயமாக இருக்கிறது. நடைமுறையில், லட்சக்கணக்கான வாடிக்கையாளரைக் கையில் வைத்திருக்கும் வங்கியும் இணையதள விற்பனை நிறுவனமும் பேரம் பேசலாம். நாகல் நகரில் தனியாக நிற்கும் ஏஜென்ட் பேச முடியாது. சுற்றறிக்கை வரும், அதில் போட்டிருப்பதை அவர் வாங்கிக்கொள்ள வேண்டும். கூடவே சில வாடிக்கையாளர்கள் “கமிஷன்ல எனக்கு எவ்வளவு விட்டுத் தருவீங்க?” என்று கேட்பார்கள். 1938-ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் 41-வது பிரிவின்படி அது குற்றம், பத்து லட்சம் வரை அபராதம் உண்டு என்று சொன்னாலும் நம்புவதில்லை.

ஏஜென்டின் கமிஷனுக்கும் பாலிசிதாரருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். கிளைம் நாளில்தான் சம்பந்தம் தெரியும். மதுரையில் ஒரு மருத்துவமனையில் அப்பாவைச் சேர்த்த மகனுக்கு, கேஷ்லெஸ் அனுமதிக்கான படிவத்தில் சர்க்கரை நோய் எத்தனை ஆண்டாக இருக்கிறது என்ற கேள்விக்குக் கவனமில்லாமல் எழுதிய ஒரு வரி எவ்வளவு பெரிய சிக்கல் என்று தெரியாது. ரூம் வாடகை வரம்பைத் தாண்டிய அறை எடுத்தால் மற்றச் செலவுகளிலும் விகிதப்படி வெட்டு விழக்கூடும் என்பதும் தெரியாது. ஐஆர்டிஏஐயின் 2024 மே மாத முதன்மைச் சுற்றறிக்கைப்படி கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்தில் முடிவு சொல்ல வேண்டும், டிஸ்சார்ஜுக்கு மூன்று மணி நேரத்தில் அனுமதி தர வேண்டும். முன்பே இருந்த நோய்க்கான காத்திருப்புக் காலம் நான்கிலிருந்து மூன்று ஆண்டாகக் குறைந்திருக்கிறது. ஐந்து ஆண்டு தொடர்ந்து கட்டிய பாலிசியில், மோசடி நிரூபிக்கப்பட்டால் தவிர, பழைய நோயை மறைத்ததாகச் சொல்லிக் கிளைமை மறுக்கக் கூடாது. எல்லாம் நல்ல விதிகள். இரவு பத்து மணிக்கு பில்லிங் கவுன்டரில் நின்று இந்த விதிகளை எடுத்துச் சொல்லும் ஆள் ஏஜென்ட்தான். இந்த வேலைக்குத் தனிக் கூலி கிடையாது. விற்றபோது வாங்கிய கமிஷனுக்குள் இதுவும் அடக்கம் என்பது நடைமுறை. கமிஷன் குறைந்தால் முதலில் குறைவது இந்த அலைச்சல்தான். பாலிசியை விற்றுவிட்டு, கிளைமுக்கு “கஸ்டமர் கேருக்குப் போடுங்க” என்று சொல்லும் ஏஜென்டைக் குறை சொல்வது சுலபம். அவர் அப்படி ஆவதற்கான காரணத்தையும் நாம் பார்க்க வேண்டும்.

வயதானவர்களுக்கு நெருக்கடி இன்னும் கூடுதல். அறுபதைத் தாண்டியவர்களின் பிரீமியத்தை ஆணையத்தைக் கலந்துகொள்ளாமல் ஓர் ஆண்டில் பத்து சதவீதத்துக்கு மேல் உயர்த்தக் கூடாது என்று 2025 ஜனவரி 30-ல் ஆணையம் கட்டளையிட்டது. ஆனால் பத்து சதவீதம் ஆண்டுதோறும் ஏறினாலே 20,000 ரூபாய் இரண்டாம் ஆண்டு முடிவில் 24,200 ஆகிவிடும். வரி விலக்கில் கிடைத்த 3,600 அங்கேயே கரைந்துவிடுகிறது. பாலிசி எடுக்கும் கடைக்காரரிடம் ஏஜென்ட் இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: வங்கிக் கணக்கோடு சேர்த்துத் தரும் குழு பாலிசிகளுக்கு வரி விலக்கு இல்லை, 18 சதவீதம் தொடர்கிறது. குறைந்த விலை என்று மட்டும் பார்த்து அதில் சேர்பவர்கள், வங்கி அந்த ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டால் தங்கள் காப்பு என்ன ஆகும் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

மானியம் ஏறி இறங்கும்போது என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்கா அண்மையில் ஒரு சாட்சி. அங்கே 2021-ல் கோவிட் காலத்தில் கூட்டிய பிரீமிய மானியம் 2025 டிசம்பர் 31-ல் முடிந்தது. மானியம் பெற்றவர்கள் கட்டும் தொகை சராசரியாக இரண்டு மடங்குக்கு மேல் ஆகும் என்று கேஎஃப்எஃப் ஆய்வு நிறுவனம் கணித்தது. அதை நீட்டிப்பது பற்றிய சண்டையில் அந்த நாட்டு அரசு நிர்வாகமே 2025 அக்டோபர் முதல் நவம்பர் 12 வரை முடங்கியது. அங்குள்ள தனி ஏஜென்டுக்கு ஆளுக்கு மாதம் இவ்வளவு என்று கமிஷன் வருகிறது. ஆள் விலகினால் அவர் வருமானமும் சேர்ந்து போகும். அங்கு விலை உயர்வு வாக்காளர் கைக்கு பில்லாக வருகிறது. ஆகவே நாடாளுமன்றம் வரை பேசப்படுகிறது. நம் ஊரில் அரசு கட்டும் 849 யார் கண்ணிலும் படுவதில்லை, நடுவில் நிற்பவரின் பிரீமியம் அவரவர் தனிப்பட்ட கவலையாகவே இருக்கிறது.

849 ரூபாய் ஒப்பந்தம் 2022 ஜனவரியிலிருந்து ஐந்தாண்டுக்கானது. 2027 ஜனவரியில் புது விலை பேசியாக வேண்டும். அந்தப் பேச்சில் இரண்டு விஷயங்கள் இடம்பெற வேண்டும் என்பது என் கோரிக்கை. முதலாவது, 1,20,000-ல் கோடு போட்டு நிறுத்தாமல், மூன்று லட்சம் வரை வருமானம் உள்ள குடும்பங்கள் பிரீமியத்தின் ஒரு பங்கைத் தாமே கட்டிச் சேர அனுமதிக்கலாம். நடுப்பகுதி மக்கள் அரசுத் திட்டத்தில் பணம் கட்டிச் சேரும் வழியை நிதி ஆயோக் அறிக்கையும் பேசியிருக்கிறது. அரசுக் கட்டண விகிதத்தில் சிகிச்சை தருவதால், 849-ஐப் போல் நான்கு மடங்கு கட்டச் சொன்னாலும் ஒரு குடும்பத்துக்கு 3,400 ரூபாய்க்குள் முடியும்.

ஆனால் நோயாளிகள் மட்டும் சேர்ந்தால் அது யசஸ்வினி பட்ட பாட்டைப் படும். நல்ல உடம்போடு இருக்கிற முப்பது வயதுத் தறிக்காரரையும் பால் சங்க உறுப்பினரையும் பேசிச் சேர்க்க ஆள் வேண்டும். உரிமம் பெற்ற ஏஜென்டுகள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். பயிற்சி முடித்துத் தேர்வு எழுதியவர்கள். ஆகவே இரண்டாவது கோரிக்கை: குடும்பத்துக்கு ஒரு நிலையான சேர்க்கைக் கட்டணமும், கிளைம் நேரத்தில் உடனிருந்து முடித்துக்கொடுத்தால் தனிக் கட்டணமும் அவர்களுக்கு அரசு ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும். 2003-ல் 548 ரூபாய்த் திட்டத்தில் விடுபட்ட செலவு இதுதான். தனியார் பாலிசிகளில் ஐஆர்டிஏஐ செய்ய வேண்டியதும் இதையொட்டியது: ரெனியூவல் கமிஷனுக்கு ஒரு குறைந்தபட்ச அளவு வைத்து, வரிச் சுமையைத் தனி ஏஜென்டின் பங்கில் வெட்டுவதைத் தடுக்க வேண்டும். சட்டமன்றத்தில் மருத்துவத் துறை மானியக் கோரிக்கை வரும்போது திண்டுக்கல், ஆத்தூர், நிலக்கோட்டை, நத்தம், வேடசந்தூர், ஒட்டன்சத்திரம், பழனி உறுப்பினர்கள் புது ஒப்பந்தத்தின் விலையைக் கேட்கட்டும். அந்த விலைக்குள் ஏஜென்டின் கூலி எந்த வரியில் எழுதப்பட்டிருக்கிறது என்றும் கேட்கட்டும்.